அப்பா சாரம் கட்டிய சரிவு

என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆன மறுவாரமே அவருக்குப் பழைய சினிமாப் பைத்தியம் பிடித்தது. முப்பது வருஷம் மலைப்பாதையில் பஸ் ஓட்டிய மனுஷன். வீட்டில் சும்மா உட்காரச் சொன்னால் முடியுமா? காலையில் பல் விளக்குகிறாரோ இல்லையோ, ரிமோட்டைக் கையில் எடுத்துவிடுவார். எல்லாம் எண்பதுகளில் வந்த படங்கள். நாற்பதைத் தாண்டிய ஹீரோ இரண்டு நோட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு காலேஜுக்குப் போவார். வில்லன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வசனம் பேசி மறுபடி மாட்டுவதற்குள் நான் ஒரு கிலோ பீன்ஸ் நறுக்கி முடித்துவிடுவேன்.

கதைக்காக அவர் பார்க்கவில்லை. கொடைக்கானல்காரர்கள் யாருமே அந்தப் படங்களைக் கதைக்காகப் பார்ப்பதில்லை. அந்தக் காலத்தில் டூயட் என்றாலே எங்கள் மலைக்குத்தான் ஏறி வந்தார்கள். பல் கிட்டும் குளிரில் அந்தப் பெண் மெல்லிசுச் சேலையில் நடுங்கிக்கொண்டே சிரிப்பாள். நாங்கள் அவளைப் பார்க்க மாட்டோம், அவள் பின்னால் நிற்கிற மரத்தைப் பார்ப்போம். "இது ஏரிக்கரை வளைவு", "சும்மா கெட, இது நாயுடுபுரம் ஏத்தம்" என்று வீட்டுக்கு வீடு சண்டை நடக்கும். படத்தை நிறுத்தி, வேலியையும் மைல்கல்லையும் எதிர்மலையையும் சாட்சிக்குக் கூப்பிட்டு, சோறு ஆறிப்போகிற வரைக்கும் வாதாடுவோம்.

அதோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் மகள் லீவுக்கு வந்தாள். அப்பா பொழுது போகாமல் தவிக்கிறாரே என்று அவருக்கு ஒரு சேனல் ஆரம்பித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். பழைய படத்தில் வந்த இடம் அன்றைக்கு எப்படி இருந்தது, இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதுதான் வேலை. அதே கோணம், அதே தூரம், அதே அளவு. இம்மி பிசகினாலும் இவருக்குத் தூக்கம் வராது. படத்தில் ஹீரோயின் நின்ற இடத்தில் யாராவது நிற்க வேண்டுமே, அதற்கு யார் அகப்படுவார்கள்? நான்தான். ஐம்பத்தாறு வயது, முழங்கால் வலி, தலையைச் சுற்றி மப்ளர், சாக்ஸுக்கு மேல் செருப்பு.

"அந்தப் புள்ளைக்குக் காது தெரியுது. நீ மப்ளரக் கழட்டு" என்பார்.

"எனக்கு நிமோனியா வந்தா ஒங்க சேனல்ல பாக்குறவுகளா வந்து கஞ்சி வைப்பாக?" என்பேன்.

இப்படிச் சிரிப்பும் சண்டையுமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் அவர் அந்தச் சரிவு வருகிற பாட்டைப் போட்டார். போட்டுவிட்டு, "அடுத்தது இதுதான். ஒங்க ஊருப் பக்கம்தான" என்றார்.

ஆமாம், எங்கள் ஊர்ப் பக்கம்தான். நான் பிறந்தது பள்ளங்கி. பூண்டும் பீன்ஸும் விளைகிற படிவயல்கள் முடிந்த பிறகு ஒற்றையடிப் பாதையில் அரைமணி நேரம் நடந்தால் ஒரு புல்மேடு இறங்கும். நான் எட்டாவது படித்தபோது அங்கே ஷூட்டிங் நடந்தது. என் அப்பா கட்டட வேலைகளுக்குச் சாரம் கட்டுகிறவர். கயிறும் தைலமரக் கம்பும் கொடுத்தால் எந்த உயரத்துக்கும் ஏறி ஆள் நிற்க இடம் கட்டிவிடுவார். சினிமாக்காரர்கள் அவரையும் இன்னும் நாலு பேரையும் வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

அந்த மேடு இறங்கி முடிகிற இடத்தில் மலை அப்படியே அறுந்து கீழே போகிறது. கேமராவை விளிம்பு வரைக்கும் கொண்டுபோய் வைத்தும் மொத்த மேடும் படத்துக்குள் அடங்கவில்லையாம். அதனால் விளிம்பைத் தாண்டி, வெறும் காற்றில், பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒரு சாரத்தை நீட்டிக் கட்டச் சொன்னார்கள். பின்பக்கம் கல்மூட்டைகளை ஏற்றிப் பாரம் கொடுத்து, நுனியில் கேமராவையும் கேமராக்காரரையும் நிறுத்துவது என்று ஏற்பாடு.

அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனது நான்தான். மேட்டின் மேலிருந்து பார்த்தேன். அப்பா அந்தரத்தில் ஒரு கம்பின்மேல் குந்தியிருந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே மேகம் போய்க்கொண்டிருந்தது. தூக்குவாளியை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன். அன்று சாயங்காலம் அப்பா சோற்றில் கை வைக்காமல் தட்டைத் தள்ளினார். "இனிமே இந்தச் சோலிக்கே போக மாட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னார். அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

படம் வந்ததும் ஊரே லாரி ஏறிக் கொடைக்கானல் தியேட்டருக்குப் போனது. எங்கள் சனம் ஹீரோவைப் பார்க்கவா போனது? அப்பா கட்டிய சாரத்தைப் பார்க்கப் போனது. பாட்டு முடிந்துவிட்டது, சாரத்தைக் காணோம். "எங்கண்ணே ஒன் சாரம்?" என்று இருட்டிலேயே கேட்டார்கள். "அட கூறுகெட்டவங்களா, அதுமேல நின்னுதான்டா படத்தையே புடிச்சான்!" என்று அப்பா கத்தினார். தியேட்டரே சிரித்தது. திரையில் அழகான சரிவு. மேலே இருந்து அந்தப் பெண் கையை ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டே இறங்கி வருகிறாள். பார்க்கிறவர்களுக்குத் தங்கள் காலடியிலும் அந்தப் புல்தரை நீண்டு கிடப்பதாகவே தோன்றும்.

படிக்கிற உங்களுக்கு இப்போதே ஆபத்து புரிந்திருக்கும். இவர் அந்தப் பாட்டைப் போட்ட அன்று எனக்குப் புரியவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இந்தச் சாரக் கதையை இவருக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இவரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். இருந்தும் எங்கள் இரண்டு பேர் புத்தியிலும் உறைக்கவில்லை. அந்தப் பாட்டைப் பார்த்துப் பார்த்து, அங்கே தரை இருக்கிறது என்று கண் பழகிப்போய்விட்டது.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. "சர்ச்சுல பூசை முடிஞ்சதும் கெளம்பிரணும். வெள்ளனே போனாத்தான் வெளிச்சம் கெடைக்கும்" என்று இவர் முந்தின நாளே சொல்லிவிட்டார். நான் பச்சைச் சேலை கட்டினேன். அது இல்லை, படத்தில் வருகிற ஆரஞ்சு வேண்டும் என்றார். மாற்றிக் கட்டினேன். பள்ளங்கியில் என் தம்பி வீட்டில் காப்பி குடிக்காமல் விடவில்லை. பேசிக்கொண்டிருந்துவிட்டு வண்டியை அங்கேயே நிறுத்தி நாங்கள் மேட்டுக்கு நடந்து சேரும்போது மதியம் ஆகிவிட்டது. அந்த நேரத்தில்தான் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏற ஆரம்பிக்கும். எதிர்மலை பாதி மறைந்துவிட்டது.

மேலே ஒரு பாறைக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினார். "நான் கை காட்டுனதும் கையை ஆட்டிக் கூப்பிட்டுக்கிட்டே எறங்கி வா. ஓட வேணாம், நடந்தாப் போதும். மூஞ்சியக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வச்சுக்க."

"முப்பத்திரண்டு வருஷமா சிரிச்ச மாதிரிதான வச்சிருக்கேன்."

அவர் கீழே இறங்கினார். இடது கையில் ஒரு போன், அதில் படத்தின் காட்சியை நிறுத்தி வைத்திருந்தார். வலது கையில் இன்னொரு போன், அதில்தான் என்னைப் பிடிக்கப் போகிறார். சட்டைப் பையில் மகள் வாங்கிக் கொடுத்த சின்ன ஸ்பீக்கர், அதில் அந்தப் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மூடு வருமாம்.

பள்ளத்திலிருந்து மேல்நோக்கிக் காற்று அடித்தது. அதனால் அவர் பேசுவது எனக்கு நன்றாகக் கேட்டது.

"தல பெருசாத் தெரியுதே! படத்துல சுண்டக்கா அளவுதான் இருக்கு!"

இரண்டு எட்டு பின்னால் வைத்தார். மறுபடி இரண்டு போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னும் பெருசாத்தான் கெடக்கு!"

இன்னும் இரண்டு எட்டு.

அப்போதுதான் அந்தரத்தில் குந்தியிருந்த அப்பா என் கண்முன் வந்தார். என் தலை சுண்டைக்காய் அளவுக்குத் தெரிய வேண்டுமென்றால் இவர் அந்தச் சாரத்தின் நுனியில் போய் நிற்க வேண்டும். சாரத்தைப் பிரித்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. விளிம்பில் வேலி கிடையாது, கல் கிடையாது. புல் நெடுநெடுவென்று வளர்ந்து விளிம்பைத் தாண்டி வெளியே சாய்ந்து கிடந்தது. எது தரை, எது வெறும் புல் என்று மேலே நின்ற எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவருக்குப் பின்னால் வெள்ளையாக மூட்டம் எழும்பிக்கொண்டிருந்தது.

பின்னால் போகும்போது பின்னால் பார்க்கிற பழக்கமே இவருக்குக் கிடையாது. அது கண்டக்டர் வேலை. முப்பது வருஷம் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸை ரிவர்ஸ் எடுத்தவர். பின்னால் விசில் அடித்துக்கொண்டு ஒரு ஆள் எப்போதும் நின்றிருப்பான். நிறுத்தச் சொல்லி அவன் நீளமாக விசில் அடித்தால்தான் இவர் கால் பிரேக்குக்குப் போகும். இன்றைக்கு விசில் அடிக்க யாரும் இல்லை என்பதை அந்தக் காலுக்கு யார் சொல்வது?

இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். "நில்லுங்க! பின்னாடி போகாதீங்க! நில்லுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"சூப்பர்! அப்பிடித்தான்! அப்பிடியே ஆட்டு!" என்றார்.

காற்று என் சத்தத்தை எனக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தை அந்தப் பாழாய்ப்போன பாட்டு விழுங்கிவிட்டது. "ஹோல்டான்! ஹோல்டான்!" என்று கண்டக்டர்கள் பஸ்ஸை நிறுத்தச் சொல்கிற பாஷையிலும் கத்திப் பார்த்தேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பாவி மனுஷன், சிரித்தார்.

செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். முழங்கால் வலி எங்கே போனதோ தெரியவில்லை.

"ஏய், ஏய்! வெரசா வராத! பிரேம் நெறஞ்சுபோகுது!"

போனிலிருந்து கண்ணை எடுக்காமல் மூன்று எட்டு பின்னால் வைத்தார்.

நான் அப்படியே நின்றேன். அவரைக் காப்பாற்ற நான் வைத்த ஒவ்வொரு எட்டும் அவரைப் பள்ளத்தை நோக்கித் தள்ளியிருக்கிறது. நான் கிட்டே போனால் அவர் பின்னால் போவார். நின்றாலும் போவார், ஏனென்றால் என் தலை இன்னும் பெரிதாகத்தான் இருக்கிறது. அவருக்குப் பின்னால் நாலு எட்டு இருக்குமா? மூன்றா? புல்லைப் பார்த்தேன், எனக்குக் கணக்குத் தெரியவில்லை. என் மகளுக்குப் போன் செய்து என்ன சொல்வேன் என்றுகூட ஒரு கணம் மனசு போனது. சீ, என்ன மனசு இது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. நான் சிறிதாக வேண்டும். நான் தூரமாகப் போனால் அவர் பின்னால் போக வேண்டிய அவசியமில்லை. ரொம்பத் தூரம் போனால் அவர் முன்னால் வந்துதான் தீர வேண்டும்.

முகத்தை அவர் பக்கம் வைத்துக்கொண்டே பின்னோக்கி ஏறிப் பார்த்தேன். மேடு விடவில்லை. இரண்டாவது எட்டில் புல் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். எழுந்தேன். அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். மேலே பார்த்து ஏற ஆரம்பித்தேன்.

கட்டின புருஷன் விளிம்பில் நிற்கும்போது அவருக்கு முதுகு காட்டி நடப்பது எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள். கழுத்து திரும்பு திரும்பு என்றது. திரும்பினால் அவர் நின்று என்னைப் பிடிக்க ஆரம்பித்துவிடுவார். நின்றால் அளவு பார்ப்பார். அளவு பார்த்தால் ஒரு எட்டு வைப்பார். நான் திரும்பவில்லை.

"ஏய்! எங்க போற? ஏ இவளே! ஒன்னத்தான!"

திட்டு கேட்டது. திட்டுகிறார் என்றால் இருக்கிறார். திட்டுங்கள், நல்லா திட்டுங்கள் என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டே ஏறினேன். இன்னும் ஒரு தடவை "நில்லுடி" என்றார். அதன்பிறகு அவர் குரல் கேட்கவில்லை. பாட்டு மட்டும் கேட்டது. மூட்டம் என்னையும் தாண்டி மேலே போய்விட்டது. என் கையே எனக்கு மங்கலாகத் தெரிந்தது. பாட்டு இவர் சட்டைப் பையில் இருக்கிறது, பாட்டு கேட்கிற வரைக்கும் பயமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துப் பாட்டு நின்றது.

ஒரு சத்தமும் இல்லை. காற்றும் அந்த நேரம் ஓய்ந்துவிட்டது. பாட்டு முடிந்ததா, அறுந்ததா? மாதாவைக் கூப்பிட்டேன். சின்ன வயதிலிருந்து தினமும் சொல்கிற ஜெபம், பாதியில் வார்த்தை மறந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன், அதே இடத்தில் மறந்தது. கால் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. அவர் போய்விட்டிருந்தால் நான் யாருமில்லாத மேட்டில் யாருக்காகவோ ஏறிக்கொண்டிருக்கிறேன். அதைத் தெரிந்துகொள்ளத் திரும்ப வேண்டும். திரும்ப எனக்குத் தைரியம் இல்லை.

பின்னாலிருந்து ஒரு கை என் தோளைப் பிடித்தது.

"என்னடி ஒனக்கு?" அவருக்கு மூச்சு இரைத்தது. "செருப்பக்கூடப் போடாம எங்க போற?"

நான் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். அடித்தேன். நிஜமாகவே அடித்தேன், நெஞ்சில், தோளில், அகப்பட்ட இடத்தில். அழுதுகொண்டே "சாரம், அப்பா சாரம்" என்றுதான் வாயில் வந்தது. மனுஷன் ஒன்றும் புரியாமல் முழித்தார். புரிந்ததும் நம்பவில்லை. "போடி, இன்னும் முப்பது அடி கெடக்கு" என்றார்.

மூட்டம் கலைகிற வரைக்கும் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தோம். நான் அவர் சட்டையை விடவில்லை. கலைந்ததும் ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து இறங்கிப் பார்த்தோம். அவர் மிதித்த புல் நசுங்கிக் கிடந்தது, தடம் தெரிந்தது. கடைசித் தடத்துக்கு அடுத்த புல்லில் குச்சியை ஊன்றினார். குச்சி தரையைத் தொடவில்லை. அவர் முழங்கை வரைக்கும் புல்லுக்குள் போனது. குச்சியை அவர் விட்டுவிட்டார்.

தவழ்ந்துதான் மேலே வந்தார், வந்து வாந்தி எடுத்தார். முப்பது வருஷம் அந்த மலைப்பாதையில் நாற்பது ஐம்பது உயிரை ஏற்றிக்கொண்டு போய் வந்தவருக்குத் தம்பி வீட்டில் நின்ற வண்டியை எடுக்கத் தைரியம் வரவில்லை. சாயங்காலம் தம்பி மகன்தான் எங்களை நாயுடுபுரத்து வீட்டில் கொண்டுவந்து விட்டான்.

வீட்டுக்கு வந்து, சூடாகக் காப்பி குடித்த பிறகு எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சொல்கிறேனே, வெட்கமில்லாமல். "நான் மட்டும் யோசிச்சு அந்தப் பக்கம் நடக்கலைன்னா என்ன ஆயிருக்கும்? நான் சின்னதாத் தெரியத் தெரிய நீங்க பிரேமுக்காக முன்னாடி வருவீங்கன்னு கணக்குப் போட்டேன்ல" என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "பிரேமா? நான் அப்ப போனையே பாக்கல" என்றார்.

போனை எடுத்துக் காட்டினார். நான் கையை ஆட்டுகிறேன். ஓடி வருகிறேன், பெரிதாகிறேன். நிற்கிறேன், விழுகிறேன், எழுந்து திரும்புகிறேன். என் முதுகு இரண்டு எட்டு நடக்கிறது. உடனே படம் கவிழ்ந்துவிட்டது. அதற்கப்புறம் முழுக்கப் புல், அவர் ஷூ, புல், ஷூ. வேகமாக ஏறுகிற ஷூ. மேல் மூச்சு கீழ் மூச்சு.

"நீ திரும்பி நடந்ததும் கோவிச்சுக்கிட்டுப் போறன்னு நெனச்சேன். காலைலருந்து அந்தச் சேலை இந்தச் சேலைன்னு ஒன்னயப் பாடாப் படுத்திட்டேன்ல. அதான் பின்னாடியே வந்தேன்" என்றார்.

என் கணக்கு தப்பு. பிரேம் அவரைக் கூட்டிவரவில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் நான் எத்தனை தடவை கோபித்துக்கொண்டு எழுந்து போயிருக்கிறேன். அடுப்படிக்குப் போயிருக்கிறேன், பள்ளங்கிக்குப் போயிருக்கிறேன், ஒரு தடவை கைப்பிள்ளையோடு இவர் ஓட்டுகிற பஸ்ஸிலேயே ஏறிப் போயிருக்கிறேன். ஒரு தடவைகூட இவர் என் பின்னால் வந்ததில்லை. தானாக வருவாள் என்று இருந்த இடத்திலேயே இருப்பார். அன்றைக்கும் அப்படியே இருந்திருந்தால்? அந்த ஒரு நாள் மட்டும் ஏன் வந்தீர்கள் என்று கேட்க வாய் வரை வருகிறது. "தெரியலையே" என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் இன்றுவரை நான் கேட்கவில்லை.